சின்னத்தம்பியைத் தேடும் நிரல்

2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்முனை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களின் வரிசையில் 81ஆவதாக வந்தது ஒரு கைக்குழந்தை. சுனாமி அடித்துப்போட்ட இடத்திலிருந்து தூக்கிவந்திருந்தார்கள். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்பதும் தெரியாது. வரிசை எண்ணே பெயராயிற்று. அடுத்த சில வாரங்களில் '81ஆம் இலக்கக் குழந்தை' உலகச் செய்தியானது. ஒன்பது தம்பதிகள் உரிமை கோருகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மரபணுச் சோதனைக்குப் பிறகு, 2005 பெப்ரவரியில், குழந்தை தன் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தது. முறைப்படி உரிமை கோரியிருந்தது அந்த ஒரு தம்பதி மட்டுமே என்பதும் அதற்குள் வெளிவந்திருந்தது.

மற்ற எட்டுத் தம்பதிகள் பேச்சில் மட்டும் இருந்தார்கள், ஏட்டில் இல்லை. சொன்னவர் யார், சொன்ன நேரம் எது, சரிபார்த்தவர் யார் என்ற மூன்றும் இல்லாத தகவல் எவ்வளவு விரைவாக உண்மையின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை. பேரிடர் நேரத்தில் உணவு, தண்ணீர், மருந்து ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மக்களுக்குத் தேவைப்படுவது ஒரு நல்ல பட்டியல். அந்தப் பட்டியலை உருவாக்க இலங்கையின் மென்பொருள் பொறியாளர்கள் எடுத்த முயற்சியே 'சஹானா'. நிவாரணம் என்ற பொருளுடைய சிங்களச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. மென்பொருள் தொழில்நுட்ப நடைமுறை பற்றியும் குழுத் தலைமை பற்றியும் கற்க விரும்பும் தமிழ் வாசகருக்கு அதன் கதை மிக நெருக்கமான பாடம். அது எழுதப்பட்டது கொழும்பில். அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் பலர் வாழ்ந்தது மட்டக்களப்பு வாவிக் கரையில்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் மேற்கே வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் கொண்ட படுவான்கரை. கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலமாக எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என நெருக்கமான ஊர்கள் அந்த ஒடுங்கிய நிலத்தில்தான் வரிசையாக இருக்கின்றன. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் பக்கமாக இருந்த நாவலடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. அலை வந்தபோது ஓடுவதற்கு நிலம் இருக்கவில்லை. கல்லடியின் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சரிந்து நின்ற காட்சி அந்த நாளின் அடையாளமாகிவிட்டது.

இலங்கை முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். உயிரிழப்பு மிக அதிகமாக இருந்தது வாவியின் தென்கோடியை அடுத்த அம்பாறை மாவட்டக் கரையில். தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் தங்கினார்கள். ஒரே குடும்பத்தில் தாய் ஒரு நலன்புரி நிலையத்திலும் பிள்ளை வேறொன்றிலும் இருந்த நாட்கள் அவை. கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பட்டியல், பிரதேச செயலகத்தில் ஒரு பட்டியல், வைத்தியசாலையில் ஒன்று, வந்திறங்கிய ஒவ்வொரு தொண்டு நிறுவனத்திடமும் ஒவ்வொன்று. ஒரே ஆள் நான்கு பட்டியல்களில் நான்கு எழுத்துக்கூட்டல்களில் இருந்தார். இன்னொருவர் எதிலும் இல்லை. ஒரு முகாமுக்கு உடுப்பு மூட்டை மூட்டையாக வந்து குவிய, அடுத்த முகாமில் குழந்தைக்குப் பால்மா இல்லாத நிலைமைக்கு மனமில்லாமை காரணமல்ல. யாரிடம் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாததே காரணம்.

அவசரத்தில் எழுதியது

சுனாமிக்குப் பின்னான சில நாட்களுக்குள் கொழும்பின் மென்பொருள் பொறியாளர்கள் தாமாகவே ஒன்றுகூடினார்கள். வர்ச்சுசா முதலிய நிறுவனங்களில் வேலைசெய்தவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், திறந்த மூல மென்பொருளை வளர்ப்பதற்காகச் சஞ்சீவ வீரவரண முன்னின்று தொடங்கிய லங்கா மென்பொருள் மன்றம் என்று பல கைகள் சேர்ந்தன. சமிந்திர டி சில்வா திட்டத்தை வழிநடத்தினார். ஜனாதிபதி செயலகத்தின் கீழ் அவசரமாக அமைக்கப்பட்ட தேசியச் செயற்பாட்டு மையத்தில் மென்பொருள் நிறுவப்பட்டது. காணாமற்போனோர் பதிவேடு, தொண்டு நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் பகுதி என நான்கு தூண்களில் அது நின்றது.

இந்தப் பிரிப்பு தற்செயலானதல்ல. ஒரு நிறுவனம் எப்படிப் பேசிக்கொள்கிறதோ அப்படியே அது உருவாக்கும் மென்பொருளின் அமைப்பும் இருக்கும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். தொண்டர்கள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஆளுக்கொரு பதிவேட்டைக் கையில் எடுத்தால் மென்பொருளும் தனித்தனிப் பதிவேடுகளாகவே வளரும். அவசர காலத்தில் அது நன்மை. முகாம் பதிவேட்டை எழுதுபவர், காணாமற்போனோர் பதிவேட்டை எழுதுபவரின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே தலைமை எதிர்கொண்ட முதல் சிக்கல், ஆள் போதாமையல்ல, ஆள் மிகுதி. ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று விளக்கினார். காரணம் எளிய கணக்கு. ஆறு பேர் ஒருவரோடொருவர் பேச 15 இணைப்புகள் போதும். அறுபது பேர் என்றால் 1,770. துயரத்தால் உந்தப்பட்டு உதவ ஓடிவருகிற பொறியாளரிடம் "பொறுங்கள், உங்களுக்கு இப்போது வேலை இல்லை" என்று சொல்வது எந்தத் தலைவருக்கும் கடினம். வருபவர் ஒவ்வொருவருக்கும் எல்லை தெளிவான ஒரு சிறு துண்டு வேலையைக் கொடுப்பதே வழி. தேடல் பக்கம் ஒன்று, ஒரு படிவம், ஓர் அறிக்கை. துண்டுகளின் எல்லையை வகுப்பவர்தான் அந்தக் கட்டத்தின் உண்மையான தலைவர். அந்த எல்லை பிசகினால் நூறு பேரின் நல்ல மனமும் வீணாகும்.

தேசியச் செயற்பாட்டு மையம் நெடுநாள் நீடிக்கவில்லை. பொறுப்புகள் வேறு அமைப்புகளுக்குப் போயின. அவசரத்துக்காக எழுதிய நிரல் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. பெரும்பாலான தன்னார்வத் திட்டங்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன.

திரும்ப எழுதியவர்கள்

சஹானாவை வரலாற்றில் நிறுத்தியது 2005இல் எடுத்த ஒரு முடிவு. இருந்த நிரலை ஒட்டுப்போட்டுத் தொடராமல், அடியிலிருந்து திரும்ப எழுதுவது என்று குழு தீர்மானித்தது. சுவீடனின் வளர்ச்சி உதவி நிறுவனமான சீடாவின் நிதியுடன், லங்கா மென்பொருள் மன்றத்தில் ஒரு சிறிய முழுநேரக் குழு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்ற நான்கும் அடித்தளமாயின. உலகின் எந்த மூலையிலும் மலிவான கணினி ஒன்றில் இவற்றை நிறுவலாம். இவற்றை அறிந்த பொறியாளர் எந்த நாட்டிலும் கிடைப்பார்.

நன்றாக ஓடிய நிரலை ஏன் திரும்ப எழுத வேண்டும்? முதல் பதிப்பு இலங்கையின் ஒரு பேரிடருக்காக, அந்த நாட்களின் தேவைக்காக எழுதப்பட்டது. மாவட்டம், பிரதேசம், கிராம உத்தியோகத்தர் பிரிவு என்ற நம் நிருவாக அடுக்கு வேறு நாட்டுக்குப் பொருந்தாது. பேரிடரின் வகை மாறினால் படிவத்தின் கேள்விகள் மாறும். இவற்றை நிரலுக்குள் புதைத்து வைத்தால் ஒவ்வொரு முறையும் பொறியாளர் வந்து தோண்ட வேண்டும். நிறுவும்போது அமைப்புகளாக மாற்றிக்கொள்ளும்படி வெளியே எடுத்து வைத்தால், பேரிடர் நடந்த இடத்திலேயே ஒருவர் மாற்றிக்கொள்ளலாம். திரையில் தோன்றும் சொற்களை நிரலிலிருந்து பிரித்து மொழிபெயர்ப்புக் கோப்புகளில் வைப்பதும் இதே சிந்தனையின் விளைவு.

இன்னொரு தீர்மானமும் கவனத்துக்குரியது. முகாமில் இணைய இணைப்பு இருக்காது என்பதை விதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். களுவாஞ்சிகுடியில் ஒரு மடிக்கணினி, வாழைச்சேனையில் இன்னொன்று, இரண்டும் தனித்தனியே ஆட்களைப் பதிகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டால், தரவை ஒன்றுசேர்க்கும் நாளில் இரண்டு 'ஐந்தாம் இலக்க' ஆட்கள் மோதிக்கொள்வார்கள். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் உலகில் வேறெங்கும் வராத தனி அடையாளம் கொடுக்கும் முறை தேவைப்படுகிறது. பிறகு ஒரு யூஎஸ்பி துண்டில் எடுத்துச் சென்றும் இணைக்கலாம். கணினி அறிவியலில் இது சாதாரணச் செய்தி. இருந்தும் வலையமைப்பு எப்போதும் இருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இது இயல்பாகத் தோன்றுவதில்லை. மின்சாரமும் தொலைபேசிக் கம்பமும் விழுந்த கரையை மனத்தில் வைத்து எழுதுபவருக்கே தோன்றும்.

ஒரு பெயரின் ஒலி

காணாமற்போனோர் பதிவேட்டின் இதயம் தேடல். ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார், கணினி அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம்.

முகாமில் இலிகிதர் ஒருவர் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிகிறார். கணபதிப்பிள்ளை என்று காதில் விழுகிறது. 'கே' என்ற எழுத்தில் தொடங்குவதா, 'ஜி' என்ற எழுத்தில் தொடங்குவதா? நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'க'. ஒரு முகாமில் கே, அடுத்த முகாமில் ஜி. எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் கணினிக்கு இவர்கள் இரண்டு ஆட்கள்.

இதற்குத் தீர்வாக ஒலிக்குறியீட்டு முறைகள் உண்டு. முதலாவது, சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் ராபர்ட் ரஸல் 1918இல் காப்புரிமை பெற்ற முறை. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, அடுத்து வரும் மெய்யெழுத்துகளை மூன்று இலக்கங்களாக மாற்றும். இரண்டாவது, லாரன்ஸ் பிலிப்ஸ் 1990இல் வெளியிட்ட மெட்டாஃபோன். ஆங்கில உச்சரிப்பு விதிகளைப் பின்பற்றிப் பெயரின் ஒலியை எழுத்துகளாகவே சுருக்கும். இரண்டும் பிஎச்பி மொழியிலேயே தயாராக இருக்கின்றன. சஹானாவின் இரண்டாம் கட்டம், அதாவது திரும்ப எழுதிய பதிப்பு, பெயர்களை இரண்டு குறியீடுகளாகவும் சேமித்துத் தேடியது.

இரண்டையும் ஏன் வைத்தார்கள் என்பது நம் பெயர்களைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். சவுண்டெக்ஸ் கணக்கில் ஒரு கணபதிப்பிள்ளை கே-513, மற்றவர் ஜி-513. முதல் எழுத்து வேறென்பதால் தோல்வி. மெட்டாஃபோனோ 'ஏ' எழுத்தின் முன் வரும் ஜி-யையும் கே ஒலியாகவே எடுத்துக்கொள்வதால் இருவரையும் ஒருவராகக் காண்கிறது. அடுத்து, திருச்செல்வம். ஒருவர் 'டி'க்குப் பின் 'எச்' சேர்த்து எழுதுவார், ஒருவர் எச் இல்லாமல் எழுதுவார். மெட்டாஃபோன் இவற்றை இரண்டு வேறு ஒலிகளாக எடுத்துப் பிரித்துவிடும். சவுண்டெக்ஸ் எச்-ஐப் பொருட்படுத்தாததால் இருவருக்கும் டி-624 என்று ஒரே குறியீட்டைக் கொடுக்கும். ஒன்று தவறவிடும் இடத்தில் மற்றது பிடித்துக்கொள்கிறது.

இனி சின்னத்தம்பியை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சின்னத்தம்பி இருப்பார். அவர் பெயரை 'எஸ்' எழுத்தில் தொடங்குபவரும் உண்டு, 'சி எச்' போட்டுத் தொடங்குபவரும் உண்டு. சவுண்டெக்ஸில் எஸ்-535, சி-535. மெட்டாஃபோனில் ஒன்று எஸ் ஒலி, மற்றது அதற்கென்றே வைத்த வேறு குறி. இரண்டு முறையுமே அவரை இரண்டு ஆட்களாக்கிவிடுகின்றன. காத்தான்குடியில் சிக்கல் எதிர்த் திசையில் வரும். முகமது என்ற பெயரின் பல எழுத்துக்கூட்டல்களும் எம்-530 ஆகிவிடும், மஹ்மூத் என்ற வேறு பெயரும் அதே எம்-530. ஆண்களில் கணிசமானோரின் பெயர் முகமதுவில் தொடங்கும் ஊரில், தேடுபவருக்குக் கிடைப்பது ஆள் அல்ல, ஊர்.

இதில் எவருடைய குற்றமும் இல்லை. அந்த முறைகள் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பெயர்களுக்காகச் செய்யப்பட்டவை. தலைமைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இந்தக் குறையைக் கொழும்பில் எத்தனை முறை நிரலைச் சரிபார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது, நிரலில் பிழை இல்லையே. வாவிக் கரையின் உண்மையான பெயர்கள் ஓர் ஐந்நூறைச் சோதனைத் தரவாகப் போட்டால் ஒரே பிற்பகலில் வெளிவந்துவிடும். சோதனை என்ற நடைமுறையின் தரம், சோதிப்பவருடைய கருவியைவிட அவர் கையிலிருக்கும் எடுத்துக்காட்டுகளைப் பொறுத்தது. அந்த எடுத்துக்காட்டுகள் இலிகிதரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் இருக்கின்றன.

குடும்பத் தலைவர் யார்?

பெயரைவிட ஆழமான சிக்கல் குடும்பம். ஆங்கிலப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைத் தரும். நம்மிடம் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னால் வரும், தன் பெயர் பின்னால் வரும். பேரனுக்கும் பாட்டனுக்கும் பொதுவான பெயர் எதுவும் இல்லாமலே போகலாம். குடும்பப்பெயரைக் கொண்டு உறவைக் கண்டுபிடிக்கும் எந்த நிரலும் இங்கே திணறும்.

மட்டக்களப்பிலும் அதன் தெற்கிலும் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் குடி வழமை உண்டு. குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியாக வருகிறது. மகளுக்குத் திருமணமாகும்போது வீடு சீதனமாக அவள் பெயருக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே பல பத்தாண்டுகள் இந்தப் பகுதியில் ஆய்வு செய்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பிறகான வீடமைப்பு பற்றிய ஆய்வுகளும் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. பதிவுகளில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. வழக்கப்படி அதில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. புதிய வீட்டின் உரித்து அந்தப் பெயரைத் தொடர்ந்து போனால், தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டின் உரிமை ஒரு படிவத்தால் கைமாறிவிடும்.

தரவு மாதிரி வகுப்பவர்கள் இந்த இடத்தில் நெடுநேரம் நிற்க வேண்டும். அட்டவணையில் ஒரு கட்டத்துக்குப் பெயர் வைப்பது சமூகத்தைப் பற்றிய ஒரு முடிவு. சஹானாவின் இரண்டாம் கட்டத் தரவுத்தளத்தில் ஆளுக்கு ஓர் அட்டவணை, குழுவுக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைக்கும் ஓர் அட்டவணை என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் பல குழுக்களில் இருக்கலாம், குழுவின் வகையும் மாறலாம். வீடு யாருடையது, சோறு யாருடைய அடுப்பில், பிள்ளை யாருடைய பொறுப்பில் என்ற மூன்று கேள்விக்கும் மூன்று விடை இருக்கக்கூடிய ஊரில் இப்படியான நெகிழ்வு இன்றியமையாதது. அமைப்பு நெகிழ்வாக இருந்தாலும், திரையில் 'குடும்பத் தலைவர்' என்று மட்டும் ஒரு கட்டம் வைத்தால் பழைய கதைதான். எனவே கேள்விகளை எழுதும் மேசையில் அந்த ஊர்ப் பெண்கள் இருக்க வேண்டும். தொழில்நுட்ப நடைமுறை பற்றிய நூல்கள் இதைப் 'பயனர் தேவை அறிதல்' என்று ஒரு தலைப்புக்குள் அடக்கிவிடுகின்றன. இங்கே அது ஒரு வீட்டின் உறுதிப் பத்திரம்.

தலைமை எதைச் செய்தது

திரும்ப எழுதிய மென்பொருளுக்கு விரைவிலேயே வேலை வந்தது. 2005 ஒக்டோபர் 8ஆம் திகதி பாகிஸ்தானின் வடபகுதியில் நிலநடுக்கம். 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்சின் தெற்கு லெய்ட்டேயில் கின்சாகோன் கிராமத்தின் மேல் மலை சரிந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம். மூன்று இடங்களிலும் சஹானா நிறுவப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் சமூகப் பயன் விருதை 2006ஆம் ஆண்டுக்குச் சஹானாவுக்கு அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த விருதைப் பெற்றிருந்தது விக்கிப்பீடியா. 2009இல் சஹானா மென்பொருள் அறக்கட்டளை உருவானது. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கம் வந்தபோது, ஃபிரான் பூன் முன்னின்று பைதன் மொழியில் உருவாக்கிவந்த 'ஈடன்' என்ற புதிய வடிவம் களத்துக்குப் போனது. நிறுவனங்களின் பதிவேடும், வைத்தியசாலைகள் எங்கே இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்ற பதிவேடும் அதில் ஓடின.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் நின்ற தலைமை கட்டளை இடும் தலைமை அல்ல. சம்பளம் வாங்காதவரை அதட்டி வேலை வாங்க முடியாது. திறந்த மூலத் திட்டங்களில் அதிகாரம் வேலையால் வருகிறது. புதியவர் ஒருவர் முதலில் ஒரு சிறு திருத்தத்தை அனுப்புவார். அனுபவமுள்ளவர் அதை வாசித்து, ஏற்பார் அல்லது காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார். நல்ல திருத்தங்கள் பல வந்தபின் அவருக்கே நேரடியாகச் சேர்க்கும் உரிமை கிடைக்கும். ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976இல் நிரல் வாசிப்பை ஒரு முறையாக வகுத்து எழுதியபோது அதன் நோக்கம் பிழை குறைப்பது. தன்னார்வக் குழுவில் அதே வாசிப்பு இன்னொன்றையும் செய்கிறது. புதியவரைப் பயிற்றுகிறது, ஒரே ஆளின் தலைக்குள் மட்டும் அறிவு தங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. பேரிடர் மென்பொருளில் இது உயிர்ப் பிரச்சினை. நிரலை எழுதியவரே பேரிடரில் சிக்கியிருக்கலாம். அவர் இல்லாமலும் அது ஓட வேண்டும்.

எழுதிய குழுவின் கையை விட்டு நிரல் நகரச் சம்மதிப்பதும் தலைமைதான். பிஎச்பி வடிவத்தை உருவாக்கியவர்கள், வேறொரு மொழியில் வேறொருவர் எழுதிய வடிவம் முன்னுக்கு வர இடம்கொடுத்தார்கள். தன் கையெழுத்தைவிடத் திட்டத்தின் நோக்கம் பெரிது என்று எண்ணும் குழுவுக்கே இது கைகூடும்.

இலங்கையில் இந்த வழிவந்த பண்பு 2020இலும் தெரிந்தது. கொவிட் பரவத் தொடங்கிய ஜனவரி மாதத்திலேயே, இலங்கையின் மருத்துவத் தகவலியலாளர்கள், சுகாதாரத் துறைக்காக உலகெங்கும் பயன்படும் திறந்த மூலத் தளமான டிஎச்ஐஎஸ்2-ஐக் கொண்டு, நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பதிந்து கண்காணிக்கும் முறையை அமைத்தார்கள். அதை உலகோடு பகிர்ந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தழுவிய வடிவங்களை எடுத்துக்கொண்டன. சிறு குழு, தெளிவான எல்லை, முன்பே பழகிய அடித்தளம், முதல் நாளிலிருந்தே பகிர்வு ஆகிய நான்கும் இரண்டு முயற்சிகளுக்கும் பொது.

பட்டியல் சுமக்கும் ஆபத்து

மட்டக்களப்பில் பெயர்ப் பட்டியல் என்பது வெறும் நிருவாகச் சாமான் அல்ல. சுனாமிக்குப் பிறகு ஈராண்டும் ஆகாத நிலையில், 2006-07 காலப்பகுதியில், வாகரைப் பக்கத்திலும் படுவான்கரையிலும் நடந்த போரில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். பெயர், ஊர், வயது, குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்ற அதே தகவல், நிவாரணம் கொடுப்பவர் கையில் ஒரு பொருள், ஆயுதம் ஏந்தியவர் கையில் வேறு பொருள். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் ஒரு பிராந்திய அலுவலகம் உண்டு. அங்கே ஒரு பெயரைக் கொடுக்க வரும் தாய்மார், தகவல் எங்கே போகும் என்று முதலில் கேட்கிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

ஆகவே யார் எதைப் பார்க்கலாம் என்ற கேள்வி பேரிடர் மென்பொருளில் கடைசியில் ஒட்டும் பூட்டாக இருக்கக் கூடாது. முகாம் பொறுப்பாளருக்குத் தலைக்கணக்கு போதும், பெயர் தேவையில்லை. காணாமற்போனவரைத் தேடுபவருக்கு 'அவர் இருக்கிறார், நாங்கள் அவரிடம் சொல்கிறோம்' என்ற பதில் போதும், இருப்பிடம் தேவையில்லை. தேவையற்ற கேள்வியைக் கேட்காமலே இருப்பது எல்லாவற்றிலும் உறுதியான காப்பு, ஏனென்றால் சேகரிக்காத தரவு கசியாது. இலங்கை தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் நிறைவேற்றியது. சட்டம் வருமுன்னரே இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகிய குழுவுக்கு அது சுமையாக இராது.

கரைக்குத் திரும்பும் வேலை

சஹானா உலகைச் சுற்றியது. அதன் நிரல் இன்றும் திறந்தே கிடக்கிறது. அது பிறக்கக் காரணமான கரையில் அதைத் தொடர்ந்து வளர்க்கும் கைகள் கண்ணில் படவில்லை என்பதுதான் இந்தக் கதையில் மனத்தை உறுத்தும் பகுதி. வாழைச்சேனை வீதியில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. தெற்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலும் கணினி கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சுனாமியின்போது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் அல்லது அதன் பிறகு பிறந்தவர்கள், வீட்டில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

அவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலையைக் குறிப்பாகச் சொல்லலாம். எழுவான்கரை, படுவான்கரை ஊர்களின் பெயர்களையும், ஒவ்வொன்றையும் மக்கள் ஆங்கில எழுத்தில் எழுதும் விதங்களையும் உரியவர்களின் சம்மதத்தோடு திரட்டுவது. முழு ஆளின் விவரம் வேண்டாம், தனிப் பெயர்ச்சொல் மட்டும் போதும். பிறகு தமிழ் ஒலியை அடிப்படையாகக் கொண்ட குறியீட்டு முறை ஒன்றை எழுதுவது. கே-யும் ஜி-யும் ஒரு 'க', எச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு 'த', எஸ்-ஸும் சி எச்-சும் ஒரு 'ச'. தமிழ் எழுத்திலேயே பதிந்த பெயரும் ஆங்கில எழுத்தில் பதிந்த பெயரும் ஒரே குறியீட்டில் சந்திக்க வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பெயர்களுக்கு அரபு வேரைக் கணக்கில் எடுக்கும் தனி விதிகள் வேண்டும். ஒரு பேராசிரியர், ஐந்தாறு மாணவர்கள், ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர், ஒரு கல்வியாண்டு போதும். நிரல் வாசிப்பு, சோதனைத் தரவு, பதிப்புக் கட்டுப்பாடு, பகிர்வு என்று பாடப்புத்தகத்தில் உள்ள நடைமுறைகள் எல்லாவற்றையும் அந்த ஒரு வேலையில் பழகலாம்.

கலைச்சொல் ஆக்கத்தில் உழைத்த சுவாமி விபுலாநந்தர் இந்தக் கரைக்காரர். காரைதீவில் பிறந்து, கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். அறிவியலைத் தமிழில் பேச வைக்க அவர் கையாண்ட முறை, பல துறையினரை ஒரே மேசையில் உட்காரவைத்துச் சொல் சொல்லாக முடிவெடுப்பது. மென்பொருள் குழுவுக்கும் அந்த மேசை பழக்கமானதே. இந்த முறை அதில் இருக்க வேண்டியவை பெயர்கள். அவற்றில் முதலாவதாகச் சின்னத்தம்பியை எடுத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அவர் எஸ்-535 என்றும் சி-535 என்றும் இரண்டு வரிகளில் இருக்கிறார்.